பிரெக்சிட்: விலகல்தான், ஆனால் எதிலிருந்து?

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு ஐக்கிய இராச்சியம் போனதற்குப் பிரெக்சிட் என்று பெயர்; அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே இங்கே கேள்வி. அந்தச் சொல்லுக்கு ஓர் அண்ணன் உண்டு: கிரெக்சிட். 2012 பிப்ரவரியில், கடன் நெருக்கடியில் சிக்கிய கிரேக்கம் யூரோ நாணயத்தைக் கைவிட்டுவிடுமோ என்ற பேச்சு எழுந்தபோது, சிட்டி வங்கிக் குழுமத்தின் பொருளியலாளர் இருவர் தங்கள் அறிக்கையில் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் பீட்டர் வைல்டிங் என்பவர் அந்த அச்சிலேயே பிரெக்சிட் என்று எழுதினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர வேண்டும் என்ற தரப்பைச் சேர்ந்தவர் அவர். இப்படியே போனால் வெளியே போய் நிற்போம் என்று எச்சரிக்கத்தான் அந்தச் சொல்லைக் கட்டினார். கொஞ்ச காலம் பிரிக்சிட் என்ற வடிவமும் கூடவே ஓடியது. 2016இல் காலின்ஸ் அகராதி பிரெக்சிட்டை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தது.

சொல்லின் பின்பாதியான 'எக்சிட்', பெயர்ச்சொல்லாகப் பிறந்ததல்ல. இலத்தீனில் அது 'அவன் வெளியே போகிறான்' என்று பொருள்படும் வினைமுற்று. ஆங்கில நாடக ஏடுகளில் ஒரு பாத்திரம் மேடையை விட்டு இறங்கும் இடத்தில் எழுதும் குறிப்பாக நுழைந்து, பிறகு வாசலுக்கும் வெளியேறுவதற்கும் பெயரானது. மேடைக் குறிப்புக்கு 'போகிறான்' என்பதே போதும். எங்கே, எதிலிருந்து என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு நாட்டின் முடிவுக்கு அது போதாது. பிரெக்சிட் என்ற சொல்லின் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

முன்பாதியிலும் குறை இருக்கிறது. ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருந்தது பிரிட்டன் அல்ல. 'பெரிய பிரித்தானியா மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியம்'. பிரெக்சிட் என்ற பெயர் வட அயர்லாந்தை விழுங்கிவிட்டது. பின்னாளில் பேச்சுவார்த்தை அதிகம் முட்டிக்கொண்டு நின்றதும் அந்த வட அயர்லாந்தின் எல்லையில்தான்.

2016 ஜூன் 23 அன்று மக்கள் கையில் கொடுத்த வாக்குச்சீட்டில் பிரெக்சிட் என்ற சொல் இல்லை. கேள்வியைத் தமிழில் சொன்னால்: 'ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடாக நீடிக்க வேண்டுமா, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டுமா?' கீழே இரண்டு வரிகள், இரண்டு கட்டங்கள். விரும்பிய வரிக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. முதலில் மசோதாவில் 'நீடிக்க வேண்டுமா' என்பது மட்டுமே இருந்தது. பதில் ஆம் அல்லது இல்லை. ஒரு பக்கத்துச் சொல் மட்டும் கேள்விக்குள் இருந்தால் வாக்காளர் மனம் அந்தப் பக்கம் சாயக்கூடும் என்று 2015 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் சொன்னது. அதன்பின் இரண்டு சொற்களும் சம உயரத்தில் அமர்ந்தன.

'லீவ்', 'ரிமெய்ன்' என்ற அந்த இரண்டு சொற்களையும் இலண்டன் தமிழர் பலர் வேறோர் இடத்தில் ஏற்கெனவே அறிவார்கள். குடிவரவுச் சட்டத்தில் 'லீவ் டு ரிமெய்ன்' என்றால் தங்கியிருக்க அனுமதி. அகதியாக வந்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கும் தாள் அது. அங்கே 'லீவ்' பெயர்ச்சொல். பொருள் அனுமதி, நாம் அலுவலகத்தில் கேட்கும் விடுப்பும் அதுவே. விட்டுப் போதலைக் குறிக்கும் 'லீவ்' வினைச்சொல் வேறு வேரில் வந்தது; பழைய ஆங்கிலத்தில் அதற்கு எஞ்சவிடுதல், விட்டுவைத்தல் என்று பொருள். தமிழில் இரண்டும் 'விடு' என்ற ஒரே அடியில் நிற்கின்றன: விட்டுப் போவதும் அதுதான், போகிறவர் கேட்டுப் பெறும் 'விடை'யும் அதுதான்.

இந்த வாக்கெடுப்பில் தமிழருக்கு நேரடிப் பங்கும் இருந்தது. ஐக்கிய இராச்சியத்தில் முறையான அனுமதியோடு வசித்து, வாக்காளர் பட்டியலில் இருந்த காமன்வெல்த் குடிமக்களுக்கு வாக்குரிமை உண்டு. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருந்தவரும் வாக்களிக்கலாம். அங்கேயே இருபது ஆண்டு வாழ்ந்த போலந்துக்காரரோ ஜெர்மானியரோ வாக்களிக்க முடியாது. ஐரோப்பியரில் அயர்லாந்து, மால்டா, சைப்பிரஸ் குடிமக்களுக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது.

முடிவு: விலகலுக்கு 1,74,10,742 வாக்குகள், நீடிப்புக்கு 1,61,41,241. விழுக்காட்டில் 51.9, 48.1. ஒரே சொல்லுக்கு இத்தனை பேர் குறி போட்டார்கள் என்பதால் எல்லாரும் ஒரே பொருளில் போட்டார்கள் என்று ஆகாது. சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் போட்டவர் மனத்தில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

மூத்த வாக்காளர் பலர் 1975ஐ நினைத்துப் போட்டார்கள். 1973 ஜனவரி 1 அன்று நாடு, ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. 1975 ஜூனில் நடந்த முதல் வாக்கெடுப்பில் 67 விழுக்காட்டினர் தொடரச் சொன்னார்கள். அன்று ஊர் வாயில் அதன் பெயர் 'பொதுச் சந்தை'. 1993இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் 'ஐரோப்பிய ஒன்றியம்' என்ற பெயரும் அரசியல் உடம்பும் வந்தன. 'நாங்கள் சம்மதித்தது சந்தைக்கு. சட்டம் செய்யும் ஒன்றியத்துக்கு அல்ல' என்பது இவர்கள் வாதம். இவர்களுக்கு விலகல் என்றால் அரசியல் ஒன்றியத்திலிருந்து விலகல். வணிகம் தொடர்வதில் பலருக்கு மறுப்பில்லை.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டனில் பொருள் வேறு. காய்கறி வயல்களும் பொதிகட்டும் கொட்டகைகளும் நிறைந்த ஊர் அது. 2004இல் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாட்டுத் தொழிலாளருக்கு முதல் நாளிலிருந்தே கதவைத் திறந்தவை பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்று மட்டுமே. போலந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் ஆள்கள் பாஸ்டனுக்கு வந்தார்கள். பள்ளி இடம், மருத்துவர் முறை, வாடகை, கூலி எல்லாவற்றிலும் நெருக்கடி என்று உள்ளூரார் குறைப்பட்டார்கள். அங்கே 75.6 விழுக்காடு விலகலுக்கு, நாட்டிலேயே அதிகம். இவர்களுக்கு விலகல் என்றால் ஆள் நடமாட்டச் சுதந்திரத்திலிருந்து விலகல்.

கிரிம்ஸ்பி போன்ற மீன்பிடி ஊர்களில் பொதுமீன்பிடிக் கொள்கையிலிருந்து விலகல்: நம் கடலில் யார் எவ்வளவு பிடிக்கலாம் என்பதை நாமே வகுக்க வேண்டும். இடதுசாரிகளில் ஒரு பிரிவுக்கு, அரசு தொழில்களுக்கு உதவுவதைக் கட்டுப்படுத்தும் ஒன்றிய விதிகளிலிருந்து விலகல். வங்கதேசத்தவர் நடத்தும் கறி உணவகங்களின் உரிமையாளர் சிலர், ஐரோப்பியருக்கான தடையற்ற வருகை நின்றால் தெற்காசியச் சமையல்காரருக்கு விசா எளிதாகும் என்று எண்ணி விலகலை ஆதரித்தார்கள். பாஸ்டன் வாக்காளர் குடிவரவு குறைய வேண்டும் என்று போட்ட அதே கட்டத்தில், உணவக உரிமையாளர் வேறு வகைக் குடிவரவு அதிகரிக்க வேண்டும் என்று போட்டார்.

சண்டர்லாந்தில் நிசான் கார் ஆலை 1986 முதல் ஓடுகிறது. அங்கே செய்யும் கார்களில் பெரும்பங்கு ஐரோப்பாவுக்குப் போகிறது. இருந்தும் 61 விழுக்காடு விலகலுக்கு. ஒன்றியத்தின் வளர்ச்சி நிதி நிறையப் பெற்ற கார்ன்வாலும் விலகலுக்குத்தான் போட்டது. இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கியவர்கள் உண்டு, அது சரியல்ல. சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் மூடிப்போன ஊரில், இருக்கும் ஏற்பாட்டை மாற்று என்று சொல்ல மக்களுக்குக் கிடைத்த ஒரே சீட்டு அது. அவர்கள் விலகியது இலண்டன் நடத்திய அரசியலிலிருந்தும்தான்.

நீடிப்புத் தரப்பும் ஒரே குரல் அல்ல. வாக்களிப்பு நாளில் ஆஷ்கிராஃப்ட் பிரபு 12,369 வாக்காளரிடம் நடத்திய கணிப்பில், நீடிக்கச் சொன்னவர்களில் 43 விழுக்காட்டினர் முதற்காரணமாகச் சொன்னது விலகினால் வேலைக்கும் விலைவாசிக்கும் வரும் ஆபத்தை. ஐரோப்பாவோடு பற்று என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. விலகச் சொன்னவர்களில் 49 விழுக்காட்டினர் 'நம்மைப் பற்றிய முடிவை நாமே எடுக்க வேண்டும்' என்றார்கள். மூன்றில் ஒருவர் குடிவரவும் எல்லைக் கட்டுப்பாடும் என்றார். ஸ்காட்லாந்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளும் நீடிப்புக்கு. வட அயர்லாந்தில் 55.8 விழுக்காடு நீடிப்புக்கு. அங்கே பலருக்குக் கேள்வி பொருளாதாரமே அல்ல, அமைதி கொண்டுவந்த 1998 உடன்படிக்கைக்குப் பின் அயர்லாந்துக் குடியரசோடு திறந்து கிடக்கும் எல்லையில் மறுபடி சாவடி எழுமோ என்பதுதான்.

இனி தமிழ்ச் சொல். ஏடுகளில் அதிகம் காண்பது 'வெளியேற்றம்'. மாறு என்பது மாற்றம் ஆவதுபோல வெளியேறு என்பது வெளியேற்றம் ஆகலாம், இலக்கணம் தடுக்காது. வழக்கு தடுக்கிறது. கழிவுநீர் வெளியேற்றம், ஆக்கிரமிப்பாளர் வெளியேற்றம் என்கிறோம். ஈழத்தில் 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டதற்கும் வெளியேற்றம் என்றே பெயர். பிறர் தள்ளுவது என்ற நிழல் அதன்மேல் அழுத்தமாக விழுந்திருக்கிறது. 'பிரிட்டன் வெளியேற்றம்' என்று தலைப்பிட்டால், ஒன்றியம் பிரிட்டனைத் தள்ளிவிட்டதாகவே படிப்பவர் நினைப்பார். வெளியேறல் என்றால் இந்தத் தவறு இல்லை.

'பிரிவினை' கூடவே கூடாது. அது ஒரு நாட்டை இரண்டாக்குவது. 1947 நினைவு அதில் ஒட்டியிருக்கிறது. 'பிரிவு' என்பதையும் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும், ஏனெனில் வேறிடத்தில் அது தேவைப்படும். 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து ஐக்கிய இராச்சியத்திலிருந்து பிரிய வேண்டுமா என்று தனி வாக்கெடுப்பு நடந்தது. 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஸ்காட்லாந்து கேட்பது பிரிவு, ஐக்கிய இராச்சியம் செய்தது விலகல். ஒரே செய்தியில் இரண்டும் வரும்போது ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் தொலைந்துபோவார்.

எங்கள் தேர்வு 'விலகல்'. லிஸ்பன் ஒப்பந்தத்தின் வழியே ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் சேர்ந்த 50ஆம் பிரிவு, எந்த உறுப்பு நாடும் தன் அரசமைப்புக்கு ஏற்ப ஒன்றியத்திலிருந்து விலக முடிவு செய்யலாம் என்கிறது. பின்னர் எழுதிய ஆவணத்தின் பெயரும் விலகல் உடன்படிக்கை. கட்சியிலிருந்து விலகினார், பதவியிலிருந்து விலகினார் என்று நாம் சொல்லும் அதே பொருள்: உறுப்பினர் தானாக எடுத்த முடிவு. புள்ளியியலில் 'திட்ட விலகல்' இருப்பது உண்மைதான். அந்த இடமும் இந்த இடமும் சந்திக்காது. மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது ஒரு புள்ளியெழுத்து: இடையில் 'க்' ஒன்று நுழைந்து 'விலக்கல்' ஆனால் மறுபடி தள்ளிவிடும் பொருள் வந்துவிடும்.

விலகல் என்ற சொல்லின் பெரிய நன்மை, அது தனியாக நிற்க மறுப்பது. 'விலகினார்' என்றதும் கேட்பவர் 'எதிலிருந்து?' என்பார். பிரெக்சிட் விழுங்கிய 'இலிருந்து' என்ற வேற்றுமை உருபைத் தமிழ் கேட்டு வாங்குகிறது. ஆகவே கட்டுரையில் முதல் முறை 'ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய இராச்சியத்தின் விலகல்' என்று முழுதாக எழுதுங்கள். பிறகு 'பிரித்தானிய விலகல்' போதும். வரலாற்று நிகழ்வின் பெயராகப் பிரெக்சிட்டையும் வைத்துக்கொள்ளலாம். கிரந்த எழுத்துத் தேவையில்லை. உருபு ஏற்றும்போது பிரெக்சிட்டால், பிரெக்சிட்டுக்கு என டகரம் இரட்டிக்கும்.

சுற்றியுள்ள சொற்களிலும் வழுக்கல் உண்டு. சுங்க ஒன்றியம் என்றால் உறுப்பு நாடுகளுக்குள் சுங்கவரி இல்லை, வெளியாருக்கு எல்லாரும் ஒரே வரி. ஒற்றைச் சந்தை அதைவிட ஆழமானது: பொருள், சேவை, மூலதனம், ஆள் நான்கும் தடையின்றி நகர்வதற்காக ஒரே தரவிதிகள். நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியம் வைத்திருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. இரண்டுமே அரசியல் ஒன்றியத்தில் இல்லை. இந்த மூன்று வட்டங்களை வைத்துத்தான் ஆங்கிலத்தில் 'சாஃப்ட்', 'ஹார்ட்', அதாவது 'மென்', 'வன்' என்ற அடைகள் பிறந்தன. 'கடின பிரெக்சிட்' என்று எழுதுவது பிழை. தமிழில் கடினம் என்றால் செய்யச் சிரமமானது. மூன்றையும் விடுவது முழு விலகல், அரசியல் வட்டத்தை மட்டும் விடுவது பகுதி விலகல். ஒப்பந்தமே இல்லாமல் போவது உடன்பாடற்ற விலகல். 'நீடிப்பு', 'நீட்டிப்பு' இரண்டையும் குழப்பாதீர்கள்: ஒன்றியத்தில் தொடர்வது நீடிப்பு; 2019இல் விலகல் நாளை மூன்று முறை தள்ளிப்போட்டது கால நீட்டிப்பு.

வட்டம் மாறினால் கையில் என்ன மாறும் என்பதற்குச் சிப்பி ஒன்று போதும். 2020 கடைசியில் கையெழுத்தான வணிக உடன்பாட்டின்படி, தோற்றவிதியை, அதாவது பொருள் எங்கே உருவானது என்பதற்கான விதியை, நிறைவு செய்யும் பொருளுக்குச் சுங்கவரி கிடையாது. ஆனாலும் 'பி' தரக் கடல்நீரில், அதாவது முழுத் தூய்மை இல்லாத நீரில், எடுத்த உயிருள்ள சிப்பிகளையும் மட்டிகளையும் ஒன்றியத்துக்கு முன்போல் அனுப்ப முடியவில்லை. உறுப்பு நாடாக இருந்தபோது அவற்றை அப்படியே லாரியில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பி, அங்கே தூய நீர்த்தொட்டியில் வைத்துச் சுத்தம் செய்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சுத்தம் செய்த பிறகே உள்ளே வரலாம் என்பது ஒன்றியத்தின் பழைய விதி. விதி மாறவில்லை, அனுப்பியவர் வெளிநாட்டவர் ஆகிவிட்டார். வரி பூச்சியம், சரக்கு வாசலில். இது சுங்கத் தடை அல்ல, ஒற்றைச் சந்தையிலிருந்து விலகியதன் விளைவு. செய்தி எழுதுபவர் 'சுங்கச் சிக்கல்' என்று எழுதினால் காரணம் தவறிவிடும்.

தேதி எழுதும்போதும் எதிலிருந்து என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். அரசியல் ஒன்றியத்திலிருந்து விலகியது 2020 ஜனவரி 31, இலண்டன் நேரம் இரவு 11 மணி. பிரசெல்சில் அப்போது நள்ளிரவு. ஒற்றைச் சந்தையிலிருந்தும் சுங்க ஒன்றியத்திலிருந்தும் விலகியது, இடைமாறு காலம் முடிந்த 2020 டிசம்பர் 31. வட அயர்லாந்தில் சரக்குகளுக்கு ஒன்றியத்தின் விதிகள் பல இன்றும் செல்லும். அங்கே அந்த இரண்டாவது தேதியை அடைமொழி இல்லாமல் எழுதக்கூடாது.