பெரிய மீன் தொட்டியில் மீனுக்குக் கடைசியாகச் செலவிடுங்கள்

வீடுகளில் மீன் தொட்டி அமைத்துக் கொடுப்பதும், மீன்களுக்கு நோய் வந்தால் போய்ப் பார்ப்பதும் என் தொழில். சென்னையில் கோடை விடுமுறை தொடங்கியதும் ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "நாலடித் தொட்டி வாங்கினோம் சார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தினமும் இரண்டு மூன்று மீன் செத்து மிதக்கிறது. என்ன மருந்து போடலாம்?" தண்ணீர் நிரப்பிய எத்தனையாவது நாளில் மீன் விட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், "அன்றைக்கே விட்டுவிட்டோம்." அந்த மீன்களைக் கொல்வது அவை வெளியேற்றிய கழிவு. மருந்து ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பெரிய தொட்டி பணக்காரர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில், சிறு தொட்டியில்தான் பணம் வீணாகிறது. பத்து லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு வேளை உணவு கூடிப்போனாலே தண்ணீர் கெட்டுவிடும். இருநூறு லிட்டரில் அதே தவறு கரைந்து போகிறது. நிதானமாகத் திட்டமிட்டால் நடுத்தரக் குடும்பம் தாராளமாக நாலடித் தொட்டி வைக்கலாம். செலவின் வரிசை சரியாக இருந்தால் போதும்: முதலில் தொட்டியும் தாங்கியும், அடுத்து வடிகட்டி, பிறகு பொறுமை, கடைசியில் மீன். கடைக்குப் போகிறவர்களில் பலர் மீனிலிருந்து தொடங்குகிறார்கள். பணம் தீரும் இடத்தில் வடிகட்டி நிற்கிறது.

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்ற அளவையே முதல் பெரிய தொட்டிக்குப் பரிந்துரைக்கிறேன். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே சற்று இடம் விட்டால் 210 லிட்டர் அளவில் நிற்கும். உயரத்தைக் கூட்ட ஆசைப்படாதீர்கள். கண்ணாடி மீது விழும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. இரண்டடி உயரம் என்றால் கண்ணாடியின் தடிமனும் விலையும் ஏறிவிடும். மீன் நீந்துவதற்கு வேண்டியது நீளம். காற்று கரைவதற்கு வேண்டியது மேற்பரப்பு. ஒன்றரை அடி உயரத்துக்கு 8 மி.மீ. கண்ணாடி போட்டுத் தரும் கடைகள் உண்டு. நான் 10 மி.மீ. கேட்டு வாங்கச் சொல்வேன். இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

பழைய தொட்டி வாங்கினால் பாதிப் பணம் மிச்சமாகும். வீடு மாறுபவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். வாங்கும்போது மூலைகளில் சிலிக்கான் பசையை நகத்தால் நெருடிப் பாருங்கள். உரிந்து வந்தாலோ, கண்ணாடிக்கும் பசைக்கும் நடுவே காற்றுக் குமிழிகள் தெரிந்தாலோ அதை மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். பழைய சிலிக்கான் மீது புதிய சிலிக்கான் பிடிக்காது. மேலே பூசிக் கசிவை அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உட்புறப் பசை முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானைப் பூசி, வினிகர் வாசனை அடங்கும்வரை சில நாட்கள் காயவிட வேண்டும். பிறகு மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சமதளத்தில் வைத்து நிரப்பி, இரண்டு மூன்று நாள் கவனித்த பிறகே கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது எனக்குத் தீராத கவலை. இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர், கண்ணாடி, மணல், தாங்கி எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 350 கிலோ. அது ஆறு சதுர அடித் தரையில் உட்காருகிறது. இந்தியத் தரநிலைப்படி குடியிருப்பு அறைத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ நகரும் சுமைக்குக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கணக்கு அறை முழுவதும் பரவிய சுமைக்கானது என்பதால் நாலடித் தொட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; ஆனால் அதை அறையின் நடுவில் வைக்காமல், கீழே உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள். பால்கனியில் வேண்டாம். ஆறடித் தொட்டி என்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் மாடியில் ஏற்றாதீர்கள்.

தாங்கிக்கு அலங்கார மர அலமாரி தேவையில்லை. வெல்டிங் கடையில் சதுர இரும்புக் குழாயில் செய்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்தால் நீண்ட காலம் வரும். தரைத்தளத்தில் சிமென்ட் கல் அடுக்கி, நடுவிலும் தாங்கல் கொடுத்து, மேலே கடப்பா கல் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதுவும் நன்றாகவே நிற்கிறது. எதுவானாலும் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் தாள் விரித்தால் சிறு மேடுபள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும்.

வடிகட்டிக்கு வருவோம். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கைந்து மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. அதாவது இங்கே மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் பம்பு. விலை உயர்ந்த வெளிநாட்டு வடிகட்டி வாங்க முடியாதவர்களுக்கு நான் செய்து தருவது, பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கித் தொட்டிக்கு மேலே வைக்கும் சொட்டு வடிகட்டி. அடியில் துளையிட்ட டப்பாக்கள். முதல் டப்பாவில் பஞ்சு, மற்றவற்றில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார். சோப்பு கலந்த நார் மட்டும் கூடாது. காற்றும் தண்ணீரும் சேர்ந்து அந்த நார்மேல் வழியும்போது நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறும். விலை மிகுந்த பீங்கான் வளையங்கள் செய்யும் அதே வேலையை இதுவும் செய்கிறது. கூடவே ஒரு காற்றுப் பம்பில் இரண்டு ஸ்பாஞ்ச் வடிகட்டிகளைப் பொருத்துங்கள். மின்சாரம் போனால் அந்தச் சிறு பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் இணைத்தால் போதும். சில வாட் மின்சாரமே இழுக்கும்.

மலிவாக வாங்கக் கூடாதது மின்பாதுகாப்பு. தண்ணீருக்குள் இருக்கும் பம்பின் உறை விரிசல் விட்டால், தொட்டிக்குள் கையை விடும் குழந்தைக்கு மின்சாரம் பாயும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை எலக்ட்ரீஷியனிடம் பொருத்தச் சொல்லுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலே ஏறட்டும். அப்போது வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் தரையில் சொட்டும். கை விடுமுன் எல்லா இணைப்பையும் பிடுங்குங்கள்.

இனி, மீன்கள் ஏன் சாகின்றன என்பது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உருவாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் குறைந்த அளவில் ஆபத்தில்லை. முதல் இரண்டும் நஞ்சு. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இல்லை. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் கடினமானது, காரத்தன்மை கூடியது. அம்மோனியாவில் எவ்வளவு பங்கு நஞ்சு வடிவில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது இந்தக் காரத்தன்மை: பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால் நஞ்சு வடிவம் ஏறத்தாழ பத்து மடங்காகும். வெப்பம் கூடினாலும் அது கூடும். மே மாதத்தில், போர் தண்ணீரில், புதுத் தொட்டியில், ஒரே நாளில் முப்பது மீன் விட்டால் என்ன ஆகும் என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை.

நைட்ரைட் வேறு விதமாகக் கொல்கிறது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். செத்த மீனின் செவுளைத் திறந்தால் சிவப்புக்குப் பதில் பழுப்பாக இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். உயிரோடு இருக்கும் மீன்களைக் காப்பாற்ற, பாதித் தண்ணீரை மாற்றி, லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் அயோடின் சேர்க்காத கல் உப்பைக் கரைத்து மெதுவாக ஊற்றுவேன். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கிறது. இந்த நேரத்தில் கடையில் கொடுக்கும் நீல மருந்தையோ ஆன்டிபயாடிக் மாத்திரையையோ போட்டால், அப்போதுதான் முளைத்துவரும் நல்ல பாக்டீரியாக்களும் அழியும். மருந்து ஊற்ற வேண்டாம் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

காத்திருக்கும் வாரங்களுக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. தொட்டியை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் உணவு போடுங்கள், அல்லது உரித்த இறால் ஒன்றைத் துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். அது அழுகி அம்மோனியாவைத் தரும். பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகும். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உள்ளே போட்டால் காத்திருப்பு பாதியாகக் குறையலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அளக்கும் சொட்டு வகைச் சோதனைப் பெட்டி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். இரண்டும் முதலில் ஏறி, பிறகு சுழியத்துக்கு இறங்கி, உணவு போட்ட மறுநாளும் அங்கேயே நின்றால் தொட்டி தயார்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் அதை நீக்கும். காற்றுப் பம்பின் குழாய் முனையில் மாட்டும் காற்றுக்கல்லைப் போட்டு ஒரு நாள் வைத்தாலும் போகும். போர் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பதால் அதற்கும் ஓர் இரவு காற்று கொடுங்கள். தண்ணீரை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, தயவுசெய்து ஊற்றாதீர்கள். கோடையில் ஆவியாகிக் குறையும் அளவை ஈடுகட்ட ஆர்.ஓ. குடிநீரே சரி, ஏனென்றால் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மேற்பரப்பில் ஒரு சிறு மின்விசிறி காற்று வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். சென்னையில் ஹீட்டர் வாங்கும் பணத்தை இந்த விசிறிக்கு வையுங்கள்.

மணல் வாங்கும்போது அதன்மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஏற்கெனவே கடினமான தண்ணீரை அது மேலும் கடினமாக்கும்.

மீன் தேர்வில் என் நிலை உறுதியானது: உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள், மீனுக்கு ஏற்றபடி தண்ணீரை மாற்றாதீர்கள். கடினத் தண்ணீருக்கு மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் அருமையானவை. சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில், சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வளர்ந்தவையாகக் கேட்டு வாங்கினால் விலையும் குறைவு, தண்ணீரும் பழகியது. ஆண்களை மட்டும் வாங்கினால் குஞ்சுகள் பெருகும் தொல்லை இல்லை. வானவில் மீன்களில் போஸ்மானி வகை காரத் தண்ணீரில் நன்றாக நிறம் காட்டும். ஏழெட்டு சேர்ந்து நீந்தும்போது நாலடித் தொட்டியின் அழகு தெரியும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான ஆரஞ்சு குரோமைட்டை இங்கே ஏன் இவ்வளவு குறைவாக வளர்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தனை அழகான, தாங்குதிறன் கொண்ட மீன் அது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் டெனிசன் பார்ப் மீனை வெப்பமான வீட்டில் வைக்க வேண்டாம். குளிர்ந்த ஓட்டத் தண்ணீர் கேட்கும் அது அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது.

முதலில் ஆறேழு சிறு மீன்கள் மட்டும். இரண்டு வாரம் கழித்து, சோதனை சரியாக இருந்தால், அடுத்த கூட்டம். 210 லிட்டரில் வளர்ந்த அளவில் ஏழெட்டு செ.மீ. இருக்கும் மீன்கள் இருபதுக்கு மேல் வேண்டாம். குறைவாக மீன் இருந்தால் வாரத்துக்கு 40 லிட்டர் மாற்றினால் போதும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, நெரிசலான தொட்டிகளை வைத்திருந்தவர்கள் தண்ணீர் மாற்ற வழியின்றித் தவித்தார்கள். எடுக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், நைட்ரேட் நல்ல உரம். மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாலும் அது நைட்ரேட்டை உறிஞ்சும்.

விலை மலிவு என்று வாங்கக் கூடாதவை சில. விரல் நீளத்தில் 'ஷார்க்' என்று விற்கப்படும் பங்காசியஸ் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தரும் 'டேங்க் கிளீனர்' ஒன்றரை அடியாகும், தானே ஏராளமாகக் கழிவு போடும். முதலை போன்ற வாயுள்ள அலிகேட்டர் கார் குஞ்சுகளை வீட்டில் வளர்க்க இடமே இல்லை. ஊசி வழியே சாயம் ஏற்றிய கண்ணாடி மீன்கள் சித்திரவதைக்கு உள்ளானவை. வாங்குவது நின்றால்தான் விற்பதும் நிற்கும்.

இப்படி வாங்கியவர்கள் மீன் பெரிதானதும் பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்தே விடுகிறார்கள். டேங்க் கிளீனர் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, கரைகளைக் குடைகிறது, முள் செதில்களால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, சந்தையில் விலைபோவதுமில்லை. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அலிகேட்டர் கார் பிடிபட்டது. உங்கள் மீன் தொட்டியை மிஞ்சிவிட்டால் வாங்கிய கடையில் திரும்பக் கொடுங்கள், விலை தராவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் எடுக்க மறுத்தால், பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர்களிடம் கேளுங்கள். இலவசமாகத் தருகிறேன் என்றால் எடுத்துக்கொள்ள ஆள் கிடைப்பார்கள்.