நாலு சக்கரம் இருந்தால் கவிழாது என்று யார் சொன்னது?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு பையனைப் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் படுக்கவைத்து எங்கள் எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்தார்கள். வயது இருபத்து நான்கு. விசிட் விசாவில் அண்ணனைப் பார்க்க துபாய் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. காலில் இருந்த கான்வாஸ் ஷூவைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி சிவப்பு மணல் படுக்கை விரிப்பில் கொட்டியது. அதைப் பார்த்ததுமே எங்கிருந்து வருகிறான் என்று தெரிந்துவிட்டது. துபாய் - ஹத்தா சாலையில், எல்லோரும் பிக் ரெட் என்று சொல்லும் அல் பதாயர் மணல்மேடு. குவாட் பைக், அதாவது பைக்போல் ஏறி உட்கார்ந்து ஹேண்டில்பாரால் ஓட்டும் நாலு சக்கர வண்டி, ஓட்டுகிறவர்கள் கூடும் இடம்.

ஆபரேஷன் தியேட்டர் தயாராகும்வரை அவன் அண்ணனும் இரண்டு நண்பர்களும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அவர்கள் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. 700, 450 என்பதெல்லாம் வண்டியின் எஞ்சின் அளவு, சிசி கணக்கில்.

"மச்சான், அவனுக்கு 700 எடுத்துக் கொடுத்ததுதான் தப்பு. 450 எடுத்திருந்தா இது நடந்திருக்காது."

"450-ல ரிவர்ஸ் கிடையாதுடா. மணல்ல மாட்டினா யாரு இழுக்கிறது?"

"ஆனா அது அகலம் ஜாஸ்தி. கவிழவே கவிழாது."

போனஸ் வந்ததும் சொந்தமாக ஒரு ஸ்போர்ட் குவாட் வாங்குவது என்று அண்ணன் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாராம். யமஹா ராப்டர் 700ஆ, ஒய்எஃப்இசட் 450ஆ என்பதில்தான் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் தம்பியின் கால் எலும்பில் ஒட்டியிருந்த மணலை நான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சு தொடங்கி இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. இந்தக் குளிர்காலத்தில் மட்டும் குவாட் பைக்கில் உடைந்த நான்கு கால்களுக்கு நான் ராடு போட்டிருக்கிறேன். முதுகெலும்பு நொறுங்கிய இரண்டு பேர் தனி. வந்த ஒவ்வொருவரும், அவர்களைக் கொண்டுவந்த ஒவ்வொருவரும், என்னிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "நாலு சக்கரம் இருக்கே மேடம், எப்படிக் கவிழும்னு நினைச்சோம்."

இதைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

நாலு சக்கரம் என்றால் நம் மனம் உடனே காரை நினைக்கிறது. பைக்கில்தான் விழுவோம், கார் தானாக நிற்கும், ஆகவே குவாட்டும் நிற்கும் என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு தப்பு. ராப்டர் 700இன் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1,280 மில்லிமீட்டர். அகலம் ஏறத்தாழ 1,170. கிட்டத்தட்ட ஒரு சதுரம். அதன்மேல், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஒரு மனிதன் உட்காருகிறான். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் வரப்பில் ஏறினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது சாய்வது இரண்டே சக்கரம் இருப்பதால் அல்ல. பாரம் மேலே இருக்கிறது, பாதம் குறுகியிருக்கிறது, அதனால் சாய்கிறது. குவாட்டில் அந்தப் பாரம் நீங்கள்தான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காரின் டிரைவ் சக்கரங்களுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உள்சக்கரம் குறைவாகவும் சுற்றும். ஸ்போர்ட் குவாட்டில் அது கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகியிருக்கின்றன, ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் ஏதாவது ஒரு சக்கரம் வழுக்கினால்தான் வண்டி திரும்பும். மணலில் வழுக்கும். தார்ச்சாலையில் வழுக்காது, பிடித்துக்கொண்டு தூக்கிவிடும். மணல்மேட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும்தானே என்று சாலையில் ஏற்றுகிறார்களே, அது சட்டப்படி குற்றம் என்பதோடு, வண்டியின் அமைப்புக்கே எதிரானது.

பைக் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் அனுகூலம் எதுவும் இல்லை, ஆபத்துதான் கூடுதல். நான் கேட்ட வரையில், என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஊரில் பத்து வருடம் பைக் ஓட்டியவர்கள். பைக்கில் வளைவு வந்தால் வண்டியும் நாமும் சேர்ந்து சாய்வோம். குவாட் சாயாது. அது நிமிர்ந்தே நிற்கும், நம்மை வெளிப்பக்கம் தள்ளும். ஓட்டுபவர்தான் இடுப்பை சீட்டிலிருந்து நகர்த்தி, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்க்க வேண்டும். மேட்டில் ஏறும்போது முன்னால் குனிய வேண்டும், இறங்கும்போது பின்னால் சாய வேண்டும். சோஃபாவில் உட்கார்வதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்து ஹேண்டில்பாரை மட்டும் திருப்பினால், நாலில் இரண்டு சக்கரம் காற்றில் நிற்கும்.

அந்த நொடியில் பைக் ஓட்டிப் பழகிய உடம்பு என்ன செய்யும்? காலை ஊன்றும். சிக்னலில், சேற்றில், சறுக்கலில் நம்மைக் காப்பாற்றிய பழக்கம் அது. குவாட்டில் காலை இறக்கினால், பாதத்துக்கு நேர் பின்னால் பெரிய பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது குதிகாலைப் பிடித்துக் காலை அடியில் இழுத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்த பையனுக்கு நடந்தது இதுதான். வண்டி கவிழக்கூட இல்லை. சற்றே சாய்ந்தது, காலை ஊன்றினான், தன் வண்டியின் சக்கரமே அவன் காலின் மேல் ஏறிவிட்டது. 700 சிசிக்கும் 450 சிசிக்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதைத் தடுக்க ஒரு பொருள் இருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கால் வைக்கும் இடத்தை ஒட்டிக் குழாய்ச் சட்டமும் வலையும் பொருத்துவார்கள். நெர்ஃப் பார் என்று பெயர். கால் நழுவினாலும் வலையில்தான் விழும், சக்கரத்துக்குப் போகாது. சைலன்சர் மாற்றுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஒரு நிமிடமாவது பேச வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வண்டிகளை ஒப்பிடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டு எனக்கும் இந்த வித்தியாசங்கள் மனப்பாடம். ராப்டருக்கு 686 சிசி, ரிவர்ஸ் கியர் உண்டு, தொட்டவுடன் இழுக்கும். எண்ணெய், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 190 கிலோவுக்கு மேல், ஏறத்தாழ நாலு சிமெண்ட் மூட்டை. ஒய்எஃப்இசட் 450 ஆர் என்பது பந்தயத்துக்காகச் செய்த 449 சிசி வண்டி. சற்று எடை குறைவு, ஏறத்தாழ 1,240 மில்லிமீட்டர் அகலம், ரிவர்ஸ் இல்லை. நல்ல பொறியாளர்கள் செய்த நல்ல வண்டிகள் இரண்டும். அந்த 70 மில்லிமீட்டர் கூடுதல் அகலம், ஓட்டத் தெரிந்தவர் கையில் வளைவில் உதவும், உண்மைதான். ஆனால் 'கவிழவே கவிழாது' என்பதற்கு அது ஆதாரம் இல்லை. நான்கு விரல் அகலத்தை நம்பி உயிரை வைக்காதீர்கள்.

இந்த இரண்டு வண்டிகளிலும், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக்கூடாது என்று கம்பெனியே எச்சரிக்கை ஒட்டி அனுப்புகிறது. சீட் நீளமாக இருப்பதைப் பார்த்து இருவர் உட்காரலாம் என்று நினைக்கிறார்கள். ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்வதற்காகத்தான் அந்த நீளம். பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஓட்டுபவர் நகர முடியாது, எடையும் பின்சக்கரத்துக்கு மேலே போய்விடும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தூக்கி, வண்டி அப்படியே மல்லாந்து இரண்டு பேர்மேலும் விழும். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறாதீர்கள். குழந்தையை முன்னால் உட்காரவைத்து, "பாப்பா ஓட்டுறா பாரு" என்று வீடியோ எடுக்கும் அப்பாக்களுக்கு நான் மென்மையாகச் சொல்லப் போவதில்லை: வண்டி கவிழ்ந்தால் அந்தக் குழந்தை உங்களுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருக்கும். செய்யாதீர்கள்.

ஒருவரை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். மேட்டில் ஏறும்போது வண்டி மல்லாந்து, அவர் நெஞ்சின்மேல் குறுக்கே விழுந்திருக்கிறது. மூன்று நான்கு நிமிடம் அடியில் கிடந்திருக்கிறார். எங்களிடம் வரும்போது கழுத்துக்கு மேலே முகம் முழுக்கக் கருநீலம். இமைகளில் ஊசியால் குத்தியதுபோல் சிவப்புப் புள்ளிகள், கண்ணின் வெள்ளை விழி முழுவதும் ரத்தம். யாரோ கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்று அவர் மனைவி அலறினார். ஸ்கேனில் விலா எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. இதைப் படிக்கும் இளம் டாக்டர்கள் கவனியுங்கள், எலும்பு நன்றாக இருக்கிறது என்று இப்படி வருபவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நெஞ்சு அழுந்தியதில் ரத்தம் இதயத்துக்குத் திரும்ப வழியில்லாமல் தலைக்கு ஏறியிருக்கிறது. அவர் பிழைத்தது, பக்கத்தில் ஒட்டகக் கொட்டகையில் வேலை செய்த இரண்டு பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கியதால். இன்னும் சில நிமிடம் போயிருந்தால், உடம்பில் காயமே இல்லாமல் இறந்திருப்பார்.

முதுகெலும்பு நொறுங்கிய இருவரும் கவிழவே இல்லை. மணல்மேடுகளுக்கு ஒரு பக்கம் சரிவு மெதுவாக இருக்கும், காற்று மணலைக் கொட்டும் மறுபக்கம் முப்பது டிகிரிக்கும் மேல் செங்குத்தாக இறங்கும். மெதுவான பக்கத்தில் வேகமாக ஏறி, உச்சியில் தரை முடிந்ததே தெரியாமல் பறந்து, சீட்டில் உட்கார்ந்தபடியே வந்து விழுந்தார்கள். நெஞ்சும் இடுப்பும் சேரும் இடத்தில் இருக்கும் எலும்பு அந்த அடியை வாங்கி அப்பளம்போல் நொறுங்குகிறது. உச்சி தெரியாத மேட்டில் நேராக ஏறாதீர்கள். உச்சிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். நடுப்பகல் வெயிலில் மணலில் நிழல் குறைவு, மேடும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். சூரியன் விழும் நேரத்தில் கண் கூசும். கூட்டம் அதிகமாக வருவதும் அந்த நேரத்தில்தான்.

வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் சில வார்த்தை. செருப்போடு போகாதீர்கள், கணுக்காலை மூடும் ஷூ போடுங்கள், அரைக்கால் சட்டை வேண்டாம். அவர்கள் கொடுக்கும் ஹெல்மெட் தலையில் ஆடினால் வேறு கேளுங்கள், தாடைப் பட்டையை இறுக்குங்கள். மணலுக்காக முகத்தில் சுற்றும் துண்டு, துப்பட்டா, இவற்றின் முனையைச் சட்டைக்குள் செருகுங்கள். பின்னால் செயினும் ஆக்சிலும் மூடியில்லாமல் சுற்றுகின்றன. ஆக்ஸிலரேட்டர் இதில் முறுக்குவது இல்லை, கட்டைவிரலால் அழுத்துவது. குலுங்கும்போது பயத்தில் பிடியை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், வண்டி இன்னும் பாயும். பல வண்டிகளில் அந்த லீவர் எவ்வளவு அழுந்தலாம் என்று கட்டுப்படுத்த ஒரு திருகு இருக்கிறது. புதியவர் என்றால் அதை வைத்துத் தரச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு இருந்தால் மணிக்கட்டில் மாட்டுங்கள். டயரைப் பாருங்கள்: காருக்கு 30க்கு மேல் பிஎஸ்ஐ அடிப்போம், இதற்கு நான்கைந்து போதும். கூடுதலாகவோ ஒரு பக்கம் குறைவாகவோ இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முதல் பத்து நிமிடம் சமதரையில் எட்டுப் போடுங்கள். "எனக்கு பைக் ஓட்டத் தெரியும்" என்று சொல்லி இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

வண்டி வாங்கும் அண்ணன்மாருக்கு: நெர்ஃப் பார், பூட்ஸ், நல்ல ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்பு, இவற்றின் விலையையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியை ஒருமுறை படியுங்கள். குவாட் பைக்குக்குப் பொருந்தாது என்று எழுதியிருக்கும் பாலிசிகள் நிறைய. விசிட் விசாவில் வருபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பையனுக்கு ஒன்பது லிட்டர் சலைன் விட்டுக் காயத்தைக் கழுவி, வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்தியிருக்கிறேன். கிருமி சேராமல் இருந்தால் அடுத்து ராடு. மறுநாள் ஊரிலிருந்து அவன் அம்மா போனில் பேசினார்கள். "டாக்டரம்மா, நடந்திருவானா?" என்று மட்டும்தான் கேட்டார்கள். நடப்பான் அம்மா, மாதக்கணக்கில் ஆகும் என்றேன்.

அவனைப் பிக்கப்பில் தூக்கிப்போட்டு ஐம்பது நிமிடம் குலுக்கிக்கொண்டு வந்ததற்காக நண்பர்களை நான் திட்டவில்லை. பதறிப்போய்ச் செய்தார்கள். ஆனால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். யாராவது வண்டிக்கு அடியில் மாட்டினால் முதலில் எஞ்சினை அணையுங்கள். ஆளை இழுக்காதீர்கள், வண்டியைத் தூக்குங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மூச்சு ஒழுங்காக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். தண்ணீர் கொடுக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள். ஒருவர் மேட்டின் உச்சியில் நின்று, வரும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தட்டும். ஆம்புலன்சுக்கு 998. பாலைவனத்தில் தெருப் பெயர் சொல்ல முடியாது, போனில் லொகேஷனை அனுப்ப வேண்டும். மேடுகளுக்கு நடுவே சிக்னல் விட்டுப்போகும். ஆகவே காரை நிறுத்தும் இடத்திலேயே, குவாட்டில் ஏறுவதற்கு முன்பு, லொகேஷனையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள்.