வீட்டிலேயே பின்விளக்கு மாற்றும் தம்பிகளுக்கு ஒரு வயரிங்காரன் சொல்வது

காலை ஐந்தே முக்காலுக்குத் தோட்டத்துப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) கிளம்புகிறவர்கள் வண்டியை உதைக்கும் நேரத்தில் மலேசியாவின் சுங்கை சிப்புட் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். டவுனைத் தாண்டித் தோட்டத்து மண் சாலைக்குள் இறங்கிவிட்டால் தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் ஒரு கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) போகிறது என்பதைப் பின்னால் வரும் லோரிக்குச் சொல்ல ஒரு சிவப்புப் பொட்டு மட்டும்தான் உண்டு. அந்தப் பொட்டை இந்தப் பக்கத்துப் பையன்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதைத் தினமும் பட்டறையில் பார்க்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு தம்பி வந்தான். “அண்ணே, எல்லா லைட்டும் எரியுது. ஆனா பிரேக் லைட்டே இல்லேன்னு லோரிக்காரரு ஏசிட்டுப் போறாரு. பிரேக் புடிச்சா எரியத்தான செய்யுது?” எரியத்தான் செய்தது. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் நாடா மாதிரி எல்இடி ஸ்டிரிப்பை வாங்கி, பல்பு ஹோல்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுற்றிலும் ஒட்டியிருந்தான். நீளத் துண்டு எப்போதும் எரியும் டெயில் விளக்குக்கு, நடுவில் மூன்று அங்குலத் துண்டு பிரேக்குக்கு. மேலே கறுப்பு அடித்த ஸ்மோக் கண்ணாடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஏழரை மணி வரைக்கும் அவனை உட்கார வைத்தேன். இருட்டியதும், “தம்பி, அந்தக் கால்வாய்க்கரை வரைக்கும் நடந்து போய் நில்லு. நான் பிரேக் புடிக்கிறப்பல்லாம் கத்து” என்றேன். ஆறு தடவை பிடித்தேன். இரண்டு தடவைதான் கத்தினான். அவனுடைய வண்டி, அவனே ஒட்டிய விளக்கு, நான் மிதிக்கப்போகிறேன் என்று தெரிந்தே காத்துக்கொண்டு நிற்கிறான். அப்போதே நான்கு தடவை தெரியவில்லை. பதினான்கு மணி நேரம் ஓட்டிக் களைத்த லோரிக்காரருக்கு எப்படித் தெரியும்?

காரணம் எளிது. பின்விளக்கில் எது எரிகிறது என்பதைவிட, எது எவ்வளவு மாறுகிறது என்பதுதான் பின்னால் வருகிறவர் கண்ணில் படும். பழைய 12 வோல்ட் 21/5 வாட் பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு இழை. 5 வாட் இழை தரும் ஒளி 35 லூமன். 21 வாட் இழை தருவது 440 லூமன். வாட் கணக்கில் நான்கு மடங்குதான், கண்ணுக்கு வரும் ஒளியோ பன்னிரண்டு மடங்குக்கு மேல். ஒன்றரை வெள்ளி (ரிங்கிட்) பல்புதானே என்று தூக்கிப் போடுகிறோமே, அதற்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது. தம்பியின் ஸ்டிரிப்பில் டெயிலும் பிரேக்கும் ஒரே பிரகாசம். பிரேக் பிடித்தால் பளிச்சென்று மாறுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் அகலமாகிறது, அவ்வளவுதான்.

எல்இடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் பிரேக்குக்கு எல்இடிதான் நல்லது. பல்பு இழை சூடேறி முழு ஒளிக்கு வர ஏறத்தாழ 0.2 விநாடி எடுக்கும். எல்இடி உடனே எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 0.2 விநாடியில் நாலரை மீட்டர் ஓடிவிடும். நான் சண்டை பிடிப்பது எல்இடியோடு அல்ல, கணக்குப் பார்க்காமல் ஒட்டுவதோடு.

கணக்கு என்ன? சிவப்பு எல்இடி ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் எடுக்கும். மூன்றை வரிசையாக இணைத்தால் 6. வண்டியை 12 வோல்ட் என்று சொல்கிறோமே தவிர, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் வோல்ட் மீட்டர் வைத்தால் 14.4 வரை காட்டும். எதிரோட்டம் புகாமல் போடும் 1என்4007 டயோடு 0.7 வோல்ட்டைத் தின்னும். மிச்சம் 7.7 வோல்ட். பிரேக் வழியில் ஒவ்வொரு வரிசைக்கும் 470 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 16 மில்லி ஆம்பியர் ஓடும். டெயில் வழியில் அதே வரிசைக்கு 2,700 ஓம் போட்டால் 3 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. பிரேக் பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்து 19. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ரெசிஸ்டர் விலை சில காசு.

ஸ்டிரிப்பில் இந்தக் கணக்கைக் கடைக்காரன் 12 வோல்ட்டுக்குப் போட்டு வைத்திருப்பான். வெள்ளை ஸ்டிரிப் என்றால் மூன்று எல்இடிக்கே ஒன்பதரை வோல்ட் போய்விடும். ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது இரண்டரை. அதே ஸ்டிரிப் 14.4-இல் ஓடும்போது ரெசிஸ்டருக்கு ஐந்து வோல்ட் கிடைக்கும், அதாவது மின்னோட்டம் இரண்டு மடங்கு. “அண்ணே, மூணே மாசத்துல பாதி பாதியா செத்துப் போச்சு” என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, வெள்ளையா சிவப்பா என்பதுதான்.

வெள்ளை வாங்குவதில் இன்னொரு கோளாறும் உண்டு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால், அதன் ஒளியில் சிவப்பு குறைவு என்பதால் பெரும்பகுதி கண்ணாடியோடு நின்றுவிடும். வெளியே வருவது சோகை பிடித்த இளஞ்சிவப்பு. சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடிதான். ஆனால் முழுக்கச் சிவப்பு வைத்துவிட்டால் அடியிலே ஒரு சின்ன வெள்ளைச் சன்னல் இருக்குமே, நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் விழும் இடம், அங்கேயும் சிவப்பு விழும். சாலைத் தடுப்பில் நிறுத்தினால் அதற்கே சம்மன் எழுதலாம். அந்தச் சன்னலுக்கு மட்டும் இரண்டு வெள்ளை எல்இடியைக் கீழே பார்த்தபடி வையுங்கள். பின்விளக்கும் பிரேக் விளக்கும் சிவப்பாக இருக்க வேண்டும், பிளேட் விளக்கு வெள்ளையாக இருக்க வேண்டும். நீலம், ஊதா, ஓடும் வானவில் எல்லாம் தைப்பூசக் காவடிக்கு அழகு.

ஸ்மோக் கண்ணாடி விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. ஒளி குறைவதுகூட எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, பல வண்டிகளில் கண்ணாடிக்குள்ளேயே தேன்கூடு மாதிரி ஒரு பகுதி இருப்பது. அதுதான் ரிப்ளெக்டர். பல்பு செத்து, ப்யூஸ் போய், வண்டி நடுவழியில் நின்றாலும், பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும். மின்சாரம் வேண்டாத விளக்கு. கறுப்பு ஸ்பிரே அடித்தால் ஒளி போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை வெட்டுப்படும். பாதி ஒளியை விடும் ஸ்மோக்கில் ரிப்ளெக்டருக்குக் கால்வாசிதான் மிஞ்சும். போதாக்குறைக்கு, கண்ணாடி அக்ரிலிக்காக இருந்தால் ஸ்பிரேயில் உள்ள தின்னர் பட்டு உள்ளுக்குள் மயிரிழை விரிசல் விடும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலும் இதே கதிதான். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இனி வயர். இணையத்தில் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் விழுகிற குழி இதுதான். ஹோண்டாவில் பெரும்பாலும் பச்சை எர்த், பழுப்பு டெயில், பச்சையில் மஞ்சள் கோடு பிரேக். யமஹாவில் கறுப்பு எர்த், நீலம் டெயில், மஞ்சள் பிரேக். அங்கே பழுப்பு என்பது சாவி திறந்ததும் 12 வோல்ட் வருகிற வயர். ஹோண்டா வீடியோவைப் பார்த்துவிட்டு யமஹாவில் பழுப்பைப் பிடித்து இணைத்தால், ஹெட்லைட் சுவிட்ச் எப்படி இருந்தாலும் டெயில் எரிந்துகொண்டே இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், பத்து வெள்ளி டெஸ்டரை நம்புங்கள். டெயில் வயரையும் பிரேக் வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டவர்களும் வருகிறார்கள். அடையாளம் சுலபம்: விளக்கை அணைத்து வைத்து பிரேக் மிதித்தால் முன்னால் வேகம் காட்டும் மீட்டருக்குள் உள்ள பல்பு மினுக்கும். பிரேக் மின்சாரம் டெயில் வழியாகப் பின்னோக்கிப் போகிறது என்று பொருள். மேலே சொன்ன டயோடு அதற்கும் காவல்.

பழைய கப்சாய்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயிலும் பேட்டரியில் ஓடுவதில்லை. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் மேக்னட் காயிலிலிருந்து நேராக வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் ஓடும். பிரேக் மட்டும் பேட்டரி. அங்கே டெயிலுக்கு எல்இடி போட்டால் ஐடிலில் படபடவென்று துடிக்கும். பல்புக்கு மின்சாரம் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியில்லை. ஒரே பக்கம் ஓடவைக்க டயோடு பிரிட்ஜும், துடிப்பை அடக்க ஒரு கெப்பாசிட்டரும் வேண்டும், அல்லது அந்த வயரையே பேட்டரிப் பக்கம் மாற்ற வேண்டும். இது தெரியாவிட்டால் பழைய பல்போடு விட்டுவிடுவது புத்திசாலித்தனம். 1992 முதல் இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் பகலிலும் ஹெட்லைட் போட வேண்டும் என்பது சட்டம். டெயிலும் அதோடு சேர்ந்து நாள் முழுக்க எரியும் வண்டிகளே அதிகம். ஆகையால் வீட்டில் ஐந்து நிமிடம் எரித்துப் பார்த்து “சரி” என்று சொல்ல முடியாது.

தோட்டத்து வண்டிகளுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. பின் சீட்டில் உர மூட்டை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உப்பு சாதியைச் சேர்ந்தது. தூளாகக் கொட்டி, மழையில் கரைந்து, மட்கார்டு வழியாக வயர் மூட்டுக்குள் இறங்கும். சும்மா முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய மூட்டைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சைக் களிம்பாகிக் கிடக்கும். அப்போது விளக்கு எரியும், ஆனால் மங்கலாக, குலுங்கினால் அணைந்து அணைந்து. ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ட்யூப் போட்டு, மட்கார்டில் உரசாமல் கட்டுங்கள். எல்இடி விளக்குக்கென்று தனியாக 2 ஆம்பியர் ப்யூஸ் ஒன்று வையுங்கள். ஒரே ப்யூஸில் எல்லாம் ஓடும் இன்ஜெக்ஷன் வண்டியில் பின்விளக்கு ஷார்ட் ஆனால் எஞ்சினும் சேர்ந்து நிற்கும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றிய ப்யூஸை இன்றும் வாரம் ஒன்று பார்க்கிறேன்.

மூடும்போது காடி வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அந்த அமிலம் உள்ளே செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். கீழே உள்ள சின்னத் தண்ணீர்த் துளையை அடைத்துவிடாதீர்கள், மறுநாள் காலை உள்ளே பனி பிடித்து நிற்கும்.

அந்தத் தம்பியின் வண்டிக்குப் பழைய ஹோல்டரையே தேடி மாட்டி, டெயிலுக்கும் பிரேக்குக்கும் தனித்தனிப் பிரகாசம் உள்ள சிவப்பு எல்இடி பல்பு போட்டு, ஒரிஜினல் சிவப்புக் கண்ணாடி வாங்கி வைத்தேன். மறுபடியும் கால்வாய்க்கரைக்கு அனுப்பினேன். ஆறுக்கு ஆறு கத்தினான், கடைசித் தடவை எதிர்வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு. ஸ்மோக் கண்ணாடி பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. “சும்மா ரூம்ல வச்சுக்கறேன், குடுங்கண்ணே” என்று இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான். இன்னும் கொடுக்கவில்லை.