அயனி: சொல்லும் பொருளும்

குமரி மாவட்டத்தில் அயனி என்றால் மரம், அயனிப்பலா. வேதியியல் அயனிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. இது கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 'இயோன்' என்றால் 'செல்வது'. மின்பகுப்பின்போது மின்வாயை நோக்கிச் செல்பவற்றுக்குப் பெயர் தேடிய மைக்கேல் ஃபாரடேக்கு, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல் 1834இல் எடுத்துக் கொடுத்தார்.

எலக்ட்ரானை இழந்தோ கூடுதலாகப் பெற்றோ மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டமே அயனி. பலருக்கு இந்தச் சொல் உப்புக் கரைசலோடு நின்றுவிடுகிறது. உண்ட சோறு ஆற்றலாக மாறும் இடத்தில்தான் அதன் உண்மையான வேலை தெரியும்.

குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிரித்து அதில் சேர்க்கிறது. ஏடிபியின் பாஸ்பேட் வால் முழுக்க எதிர்மின்சுமை. இரட்டை நேர்மின்சுமை கொண்ட மக்னீசியம் அயனி அந்த வாலைப் பற்றிக்கொண்டால்தான் வினை நடக்கும். ஏடிபி தனியாக வந்தால் பயனில்லை. சர்க்கரைச் சிதைவின் கடைசிப் படியில் பைருவேட் கைனேஸ் என்ற நொதிக்கு மக்னீசியத்தோடு பொட்டாசியம் அயனியும் வேண்டும்.

கால்சியத்தின் கதை இன்னும் சுவையானது. ஓய்வில் இருக்கும் செல்லின் சைட்டோபிளாசத்தில், அதாவது உள்நீர்மத்தில், கட்டற்ற கால்சியம் அயனி, வெளியே இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். நரம்பின் ஆணை வந்ததும் தசைச் செல்லின் சேமிப்பறைகளிலிருந்து அது பாய்ந்து வருகிறது. தசை சுருங்குவது அதனால். கிளைக்கோஜனாகச் சேமித்த சர்க்கரை உடையத் தொடங்குவதும் அதனால். செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து எரிபொருள் சிதைவை முடுக்குவதும் அதுவே. செலவுக்கும் வரவுக்கும் ஒரே கையெழுத்து!

ஏடிபியின் பெரும்பகுதி ஹைட்ரஜன் அயனிகளின் ஓட்டத்தால் உருவாகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளப்பட்டவை, ஏடிபி சிந்தேஸ் வழியாக உள்ளே திரும்பும்போது அந்த நொதியின் ஒரு பகுதியைச் சுழற்றுகின்றன. இந்த ஓட்டமே ஏடிபி ஆக்கத்தின் விசை என்று 1961இல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது.

தமிழில் எப்படிச் சொல்வது? 'மின்னூட்டத் துகள்' என்றால் எலக்ட்ரானும் அதற்குள் வந்துவிடும். அது விளக்கம், பெயரன்று. இலங்கைப் பாடநூல்கள் 'அயன்' என்கின்றன. அயன் பிரமனுக்கும் பெயர் என்பதால் எனக்கு இகரம் சேர்ந்த வடிவமே பிடிக்கும். அயனியாதல், அயனிப் பிணைப்பு, நேர்மின் அயனி, எதிர்மின் அயனி என்று தமிழின் போக்கில் அது இயல்பாகக் கிளைத்துவிட்டது. ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி 'அயான்' என்று எழுத வேண்டியதில்லை.