தடுப்பூசியைத் தள்ளிப் போடலாமா? எந்த ஊசிக்கு எந்த வயது வரை இடமுண்டு

குழந்தைக்கு 6 வாரம் ஆகும்போதுதான் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. அன்றைக்கு மூன்று ஊசி, வாய்வழியாக இரண்டு மருந்து. "பச்சைக் குழந்தைக்கு ஒரே நாளில் இத்தனையா? கொஞ்சம் எடை ஏறட்டும், அப்புறம் போடலாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். இன்னொருவருக்கு உடனே போட்டுவிட வேண்டும். தொடையில் ஊசி இறங்கும்போது வீறிட்டு அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தத் தயக்கம் புரியும்.

சட்டப்படி கட்டாயம் இல்லை, முடிவு பெற்றோருடையது. ஆனால் 1985-இல் தொடங்கி, இலவசமாக நடந்துவரும் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சில ஊசிகளுக்குக் கடைசி வயது உண்டு.

பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு 24 மணி நேரம்தான். தாயிடம் அந்தக் கிருமி இருந்து பிரசவத்தில் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாள்பட்ட கல்லீரல் தொற்றாகத் தங்கிவிடும். அதனால்தான் அவ்வளவு அவசரம். பிறந்தவுடன் தரும் போலியோ சொட்டு மருந்துக்கு 15 நாள். காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியை ஒரு வயது வரை போடலாம்.

பெண்டா, ரோட்டா (வயிற்றுப்போக்கைத் தடுக்கும் வாய்வழி மருந்து), நிமோகாக்கல் (நிமோனியாவைத் தடுக்கும் ஊசி) மூன்றிலும் முதல் தவணையாவது ஒரு வயதுக்குள் போட்டிருக்க வேண்டும். பெண்டா என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி. ஒரு வயது தாண்டி வந்தால் முதல் மூன்றுக்கான டிபிடி மட்டும் கிடைக்கும். அந்த வயதுக்குப் பிறகு ரோட்டாவும் நிமோகாக்கலும் அரசுத் திட்டத்தில் கிடைக்காது. தனியாரில் நிமோகாக்கல் ஒரு தவணைக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

9 மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியை 5 வயது வரையும், டிபிடியை 7 வயது வரையும் போடலாம். ஆனால் கக்குவான் இருமல் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று காத்திருக்கும் அந்த மாதங்கள்தான் அதற்கு ஆபத்தான மாதங்கள். பெண்டா ஊசி 6 வாரத்திலேயே தொடங்குவதற்குக் காரணம் இதுதான். ஆகவே தள்ளிப் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சளி, லேசான காய்ச்சல், எடைக் குறைவு இவையெல்லாம் தள்ளிப் போடக் காரணம் ஆகாது. கடும் காய்ச்சலோ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவு நோயோ இருந்தால் தேறும் வரை காத்திருக்கலாம். முந்தைய தவணையில் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஓரிரு நாள் காய்ச்சலும் தொடை வீக்கமும் சாதாரணம்.

சரி, ஏற்கெனவே தள்ளிப்போய்விட்டதா? முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட தவணையிலிருந்து தொடரலாம். பெண்டா தவணைகளுக்கு இடையே குறைந்தது 4 வாரம் இருந்தால் போதும். தாமதத்துக்குத் திட்டு விழுமோ என்று பயந்து போகாமல் இருந்துவிடாதீர்கள்.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வருமான வரம்பு கிடையாது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி பெறுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: பிரசவத்துக்குப் பிந்தைய தவணைப் பணம் குழந்தையின் தடுப்பூசியோடு இணைந்தது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவர்களும், வேலைக்காக வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களும் இருக்கும் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். கையில் தாய் சேய் நல அட்டை இருந்தால் எந்தத் தவணை மீதி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். 16 வயதில் போடும் டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கானது) வரை அந்த அட்டை தேவைப்படும். பத்திரமாக வைத்திருங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.