சிப்பிக்கு வினிகர் சாஸ்: எப்போது காத்திருக்க வேண்டும், எப்போது கூடாது

பச்சைச் சிப்பியோடு வைக்கிற சாஸ்களில் எளிமையானது பிரெஞ்சுக்காரர்களின் மின்யொனெட். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, ஒயின் வினிகர், அவ்வளவுதான். அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கலந்து குளிரவைத்து, ஓட்டைத் திறந்த சிப்பியின் மேல் அரைத் தேக்கரண்டி விட்டு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். இதில் என்ன பெரிய வேதியியல் இருந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். ஆனால் அந்தக் கிண்ணத்தில் இருக்கும் அமிலம் வெங்காயத்தோடு சேரும்போது நாம் பொறுமையாக இருக்க வேண்டும். அதே அமிலம் சிப்பியோடு சேர்ந்துவிட்டால் துளியும் தாமதிக்கக் கூடாது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

முதலில் சிப்பி. மீன்கள் தங்கள் உடம்பிலுள்ள உப்பின் அளவை ஓரளவு கட்டுக்குள் வைத்துக்கொள்ளும். சிப்பிக்கு அந்தத் திறமை கிடையாது. சுற்றியிருக்கும் நீர் எவ்வளவு உப்போ, அதன் உடல்நீரும் கிட்டத்தட்ட அவ்வளவு உப்பு. திறந்த கடலில் அது சுமார் 3.5 சதவீதம். செல்லுக்குள்ளும் அதே அளவு உப்பை நிரப்பினால் நொதிகள் சரியாக இயங்காது. அதனால் சிப்பியின் செல்கள் உப்புக்குப் பதிலாக அமினோ அமிலங்களைச் சேர்த்து வைத்து, வெளியே உள்ள உப்புநீரின் இழுப்பைச் சமாளிக்கின்றன. இப்படிச் சேர்ந்தவற்றில் கிளைசினும் அலனைனும் இனிக்கும். குளூட்டமேட் ‘உமாமி’ எனப்படும் அந்த ஆழமான சுவையைத் தரும். உப்பு மிகுந்த நீரில் வளர்ந்த சிப்பி வெறும் உப்பாக மட்டும் இல்லாமல் சுவையாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். இதோடு கிளைக்கோஜன் வேறு இருக்கிறது. சிப்பி தன் சக்தியைச் சேமிக்கும் மாவுப்பொருள் அது. சதைக்கு ஒரு பாலேடு போன்ற கொழுமை அதனால்தான். இனப்பெருக்கக் காலத்தில் இந்தச் சேமிப்பு செலவாகிவிட, சிப்பி நீர்த்துப்போய்ச் சப்பென்று ஆகிவிடும்.

ஆக உப்பு, இனிப்பு, உமாமி மூன்றும் சிப்பியிலேயே இருக்கின்றன. இல்லாதது புளிப்பு. அதை வெளியிலிருந்து கொடுக்கிறோம். சாஸில் தனியாக உப்புப் போட வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். ஓட்டுக்குள் தேங்கியிருக்கும் நீரே போதும்.

அப்புறம் வினிகர். மதுவிலுள்ள எத்தனாலைச் சில பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அசெட்டிக் அமிலமாக மாற்றுவதால் அது உருவாகிறது. இந்த மாற்றத்தில் உயிருள்ள நுண்ணுயிர்களுக்கு இருக்கும் பங்கை 1860-களில் எடுத்துக்காட்டியவர் லூயி பாஸ்டர். கடையில் கிடைக்கும் வினிகரில் பொதுவாக 4 முதல் 7 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்கும்.

இது ஒரு வலுக்குறைந்த அமிலம். 5 சதவீத வினிகரில் ஆயிரம் அசெட்டிக் அமில மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால், ஐந்துக்கும் குறைவானவைதான் பிரிந்து ஹைட்ரஜன் அயனியை வெளிவிட்டிருக்கும். மற்றதெல்லாம் முழு மூலக்கூறாகவே மிதக்கும். வினிகரின் குணம் முழுக்க இந்தப் பிரியாத கூட்டத்தில்தான் இருக்கிறது.

பிரியாத மூலக்கூறு எளிதாக ஆவியாகும். பாட்டிலைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிறதே அந்த நெடி, அது இதுதான். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் ஆவியாகாது என்பதால் எலுமிச்சைச் சாறு எவ்வளவு புளித்தாலும் மூக்கில் ஏறுவதில்லை. சாஸை நன்றாகக் குளிரவைத்தால் ஆவியாவது குறையும், நெடியும் அடங்கும். குளிரவைப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

நாக்கில் நடப்பது இன்னும் சுவாரசியம். புளிப்பை உணரும் செல்களில் ஓட்டோபெட்ரின் 1 என்றொரு புரதம் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் உள்ளே விடும் கதவு அது. 2018-ல் அமெரிக்காவில் எமிலி லைமனின் ஆய்வுக்குழு இதை அடையாளம் கண்டது. அசெட்டிக் அமிலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. பிரியாத மூலக்கூறு செல்லின் சவ்வைத் தாண்டி நேராக உள்ளே போய், அங்கே பிரிந்து அமிலத்தன்மையைக் கூட்டும். அதனால் பிஎச் அளவு (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஒன்றாகவே இருந்தாலும், ஹைட்ரோகுளோரிக் போன்ற வலுவான அமிலத்தைவிட வினிகர் அதிகமாகப் புளிக்கிறது. சமையலறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்தால் பிஎச் மாறுவது ஒரு புள்ளியின் சிறு பின்னம்தான், ஆனால் புளிப்பு நன்றாகவே குறையும். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் பிஎச் அசையவே அசையாது, ஆனாலும் புளிப்பு குறைந்தாற்போலத் தோன்றும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று மட்டுப்படுத்துவது நம் உணர்வில் நடக்கிற விஷயம்.

எந்த வினிகர் என்று கேட்டால், ஒயின் வினிகருக்கே என் ஓட்டு. காட்டம் அதிகம் என்று பட்டால் அரிசி வினிகர். வெறும் வெள்ளை வினிகரில் அமிலத்தைத் தவிர வேறு மணமில்லை. பால்சமிக் வினிகரின் இனிப்பு சிப்பியின் மெல்லிய இனிப்பைப் புதைத்துவிடும்.

இப்போது வெங்காயம். நறுக்காத வெங்காயத்துக்குக் காரமும் இல்லை, கண்ணீரும் இல்லை. கந்தகம் கொண்ட அமினோ அமிலச் சேர்மங்கள் ஓரிடத்திலும், அல்லினேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கும். கத்தி பட்டுச் செல் உடையும்போதுதான் இரண்டும் சந்திக்கும். சில நொடிகளில் காட்டமான கந்தகச் சேர்மங்கள் பிறக்கும். கண்ணைக் கரிக்கும் வாயு உருவாக இன்னொரு நொதியும் கைகொடுக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-ல் கண்டறிந்தார்கள். எவ்வளவு செல் உடைகிறதோ அவ்வளவு காட்டம். மொட்டைக் கத்தியால் நசுக்கினாலும் மிக்ஸியில் அடித்தாலும் சாஸ் கசந்து நெடியடிக்கக் காரணம் இதுதான். கூர்மையான கத்தியால் கடுகு அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கியதைக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் வெளியே கசிந்த காட்டம் கழுவிப் போய்விடும்.

வினிகர் இங்கே தடைக்கட்டையாக வேலை செய்கிறது. அல்லினேஸ் நடுநிலைக்கு அருகில்தான் சுறுசுறுப்பாக இயங்கும். பிஎச் 3-க்குக் கீழே இறங்கினால் கிட்டத்தட்டச் செயலிழந்துவிடும். புதுக் காட்டம் உருவாவது நின்றுபோக, ஏற்கெனவே உருவானது மெல்ல மெல்லச் சிதைந்தும் ஆவியாகியும் குறையும். இதற்குத்தான் அரை மணி நேரமாவது விட வேண்டும். ஓரிரு மணி நேரம் இன்னும் நல்லது. வேலை நடக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெங்காயத்தின் மங்கிய ஊதா நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் இப்படிச் சிவக்கும். முதலில் துண்டுகளின் ஓரம் சிவந்து, பிறகு நடுப்பகுதிக்குப் பரவி, கடைசியில் வினிகருக்கே ரோஜா நிறம் ஏறியிருக்கும். மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். அதற்குமேல் வெங்காயம் துவண்டு, ஒரு பழைய வாடை வந்துவிடும்.

தக்காளி சாஸில் ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவிப் போட்டுச் சிப்பிக்குத் தொட்டுக்கொள்வார்களே, அங்கேயும் இதே கதைதான், ஆனால் தலைகீழாக. கடுகின் காரத்தைத் தரும் அதே சேர்மம், துருவிய பிறகு ஒரு நொதியின் உதவியால் உருவாகிறது. துருவிய உடனே வினிகர் விட்டால் காரம் உருவாகும் முன்பே நொதி படுத்துவிடும். மூன்று நிமிடம் விட்டு ஊற்றினால் மூக்கில் சுர்ரென்று ஏறும். எவ்வளவு காரம் வேண்டும் என்பதை வினிகர் ஊற்றும் நேரத்தை வைத்தே தீர்மானிக்கலாம்.

மிளகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் காரத்துக்குக் காரணமான பைப்பரின் நீரில் சரியாகக் கரையாது. அதனால் எத்தனை நேரம் ஊறினாலும் வினிகருக்குக் காரம் பெரிதாக இறங்காது, பல்லில் கடிபடும்போதுதான் உறைக்கும். மணம் தரும் எண்ணெய்களோ சீக்கிரம் பறந்துவிடும். எனவே பொடியாக்காமல், பரிமாறுவதற்குச் சற்று முன்பு தட்டிப் போடுவதுதான் சரி.

சரி, சாஸ் தயார். இப்போது சிப்பி. திறந்த உடனே பரிமாறும் சிப்பி பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ பட்டால், சதையைச் சுற்றியுள்ள கருத்த விளிம்பு சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்க்கலாம். சாஸ் ஓட்டின் மேல் சிந்தினால் அங்கே பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். ஓடு கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது.

சதையின் மேல் சாஸை விட்டுவிட்டுப் பேச்சில் மறந்துபோனால் வேறொன்று நடக்கும். சுருட்டி மடித்து வைத்த நூல் போன்ற புரதங்கள் அமிலம் பட்டதும் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சூடான கல்லில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுத்து இறுகுவதும் இதுவேதான், அங்கே சூடு, இங்கே அமிலம். பல புரதங்கள் பிஎச் 5-ஐ ஒட்டித்தான் எளிதாகத் திரளும். வினிகர் சிப்பியின் நீரோடு கலந்து நீர்க்கும்போது அந்த எல்லையைக் கடப்பதால், தெளிவாக இருந்த நீர் கலங்கிப்போகும். பளபளப்பான சதை மங்கி, ஓரங்கள் ரப்பராகும். அதனால்தான் சாஸைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் விட்டுக்கொள்கிறார்கள். ஒரு தட்டு முழுக்க முன்கூட்டியே ஊற்றிக் கொண்டுவந்தால் அந்தச் சமையல்காரர் மேல் எனக்கு மரியாதை குறைந்துவிடும்.

வினிகர் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பிப் பச்சைச் சிப்பி சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. சிப்பி நீரை வடிகட்டித் தின்னும் உயிரி. நல்ல சூழலில் வளர்ந்த ஒரு சிப்பி நாளொன்றுக்கு 190 லிட்டர் வரை வடிகட்டும் என்கிறார்கள். நீரிலுள்ள விப்ரியோ பாக்டீரியாவும் நோரோவைரஸும் அப்படியே அதன் குடலிலும் சதையிலும் சேரும். மேலே சில நொடிகள் படும் வினிகர் அங்கே போய்ச் சேராது. நோரோவைரஸ் நம் வயிற்றின் அமிலத்தையே தாண்டி வருகிற கிருமி. விப்ரியோ வல்னிஃபிகஸ் தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறக்கிறார் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். கல்லீரல் நோய், நீரிழிவு, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் பச்சைச் சிப்பியின் பக்கமே போகக் கூடாது. கெட்ட வாடை வருகிற சிப்பியையும் வினிகரால் காப்பாற்ற முடியாது. அமிலம் மீன்வாடை தரும் அமீன்களை உப்பாக மாற்றி வாடையை அமுக்குமே தவிர, கெட்டது கெட்டதுதான்.

கிருமியை நம்பகமாக ஒழிப்பது சூடு மட்டுமே. ஓட்டோடு வேகவைத்தால், ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க விட வேண்டும். வெந்த சிப்பிக்கும் இதே சாஸ் நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் புரதம் சூட்டிலேயே இறுகிவிட்டதால் வினிகர் கெடுப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமில்லை. ஊற்றிவிட்டுக் குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் ஊறவும் விடலாம்.