ஹமார்தியா: குறையா, பிழையா?

துன்பியல் நாடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே கூடவே வந்துவிடும் கிரேக்கச் சொல் ஹமார்தியா. நாயகன் அயோக்கியனாக இருந்து வீழ்ந்தால் நமக்கு இரக்கம் வராது, ஒரு பெரிய ஹமார்தியாவால் வீழவேண்டும் என்கிறார் அரிஸ்டாட்டில் ('கவிதையியல்', பகுதி 13).

இதைக் 'குணக்குறை' என்று தமிழில் எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குறை என்பது ஆளிடம் இருப்பது. ஹமார்தியா அவன் செய்வது. அதன் வினைச்சொல்லுக்கு முதற்பொருள் இலக்குத் தவறுதல். ஹோமரின் 'இலியத்'தில் எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போனால் அந்த வினைதான் வரும்.

சோபக்ளீஸின் 'ஆன்டிகனி'யில் தீப்ஸ் மன்னன் கிரேயோனைப் பாருங்கள். போரில் மாண்ட பாலினைசீஸை யாரும் புதைக்கக்கூடாது என்று ஆணையிடுகிறான். இத்தனைக்கும் மாண்டவன் கிரேயோனின் சொந்தச் சகோதரியின் மகன். மீறிப் புதைத்த பாலினைசீஸின் சகோதரி ஆன்டிகனியை, தான் தாய்மாமன் என்றும் பாராமல், உயிரோடு குகைக்குள் அடைக்கிறான். எதிர்த்துப் பேசுபவன் எல்லாம் காசு வாங்கியவன் என்ற சந்தேகம் வேறு. எச்சரிக்க வந்த குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸுக்கும் அதே பழி. கடைசியில் மனம் மாறுகிறது. 'முதலில் பெண்ணை விடுவி, அப்புறம் பிணத்துக்குக் கல்லறை எழுப்பு' என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அவனோ முதலில் பிணத்தைப் புதைக்கப் போகிறான். குகைக்குப் போனால் அவள் தூக்கில் தொங்குகிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவன் மகன் ஹேமோன் அங்கேயே வாளில் பாய்ந்து சாகிறான். செய்தி கேட்டு அரசியும் மாய்கிறாள். மகனின் உடலோடு வரும் அரசனைக் கண்டு, இது பிறர் தந்த கேடல்ல, தானே தேடியது என்று பெரியவர்கள் சொல்லுமிடத்தில் ஹமார்தியாவின் அந்த வினைச்சொல் வருகிறது. அவனும் மறுக்கவில்லை. பிடிவாதமும் சந்தேகமும் அவன் குணம்தான், சரி. ஆனால் ஆணையிட்டதும் வரிசையை மாற்றியதும் அவன் செயல்.

தமிழில் இதற்குப் 'பிழை' போதும். 'யானை பிழைத்தவேல்' என்கிறது குறள் (772). அதுவும் குறி தவறிய வேல்தான். (வேல் பிழைத்ததால் யானையும் பிழைத்தது!) சிலப்பதிகாரத்தில் கோவலனை விசாரிக்காமல் கொல்வித்த பாண்டியன், உண்மை தெரிந்ததும் சொல்வது, 'மன்பதை காக்கும் தென்புலங் காவல் என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்'.

அரிஸ்டாட்டில் 'பெரிய' என்று அடைமொழி சேர்த்திருப்பதால் பெரும்பிழை எனலாம். புதிய ஏற்பாட்டிலோ இதே சொல்லுக்குப் பாவம் என்று பொருள். அதை நாடகத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.